கீச்சு இறங்கிட்டா

பத்து நாள் வாயையே திறக்கக் கூடாது என்று தொண்டை மருத்துவர் சொன்னதில் வீட்டில் மகிழ்ந்தது ஒரே ஒரு ஆள்தான், மாமியார். ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சுத் திருப்பிக் கொடுத்த மருமகள் இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்றால், பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதானே. துணி மடிக்கத் தெரியாததில் தொடங்கி மகன் இளைத்துப் போனது வரை, பல வருடப் பாக்கியை மாமியார் அந்த நாட்களில் பேசித் தீர்த்துக்கொண்டார். மருமகள் முறைத்தாள். முறைக்க மருத்துவர் தடை போடவில்லை.

மருமகளுக்கு உலகம் வைத்த பெயர் கீச்சு. இளவயதில் ஒரு சின்ன அறையில், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு பாட்டைப் பதிவு செய்தாள். ஆறு கட்டை என்ற உயர்ந்த சுருதியில் அமைந்த பாட்டு. பல்லவியின் கடைசி வரியில் குரல் சரசரவென்று மேலே ஏறி ஓர் உச்சியில் போய் நிற்கும். அந்த ஒரு வரிதான் கைபேசிக்குக் கைபேசி தாவியது. அதைப் பாட முயன்று குரல் உடைந்து சிரிப்பவர்களின் காணொளிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. கீச்சு சவால் என்று அதற்குப் பெயர். பாட்டு அவளுக்குச் சோறு போட்டது, உண்மை. அதே பாட்டு அவள் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டதும் உண்மை. எந்த மேடைக்குப் போனாலும், மற்றதை எல்லாம் தூக்கிப் போடு, உச்சியைப் பாடு என்பார்கள். வீட்டில் மட்டும் அதற்கு மரியாதை இல்லை. அந்த உச்சி வரும்போது வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லி, மாமியார் ஒரு கச்சேரிக்கும் வந்தது கிடையாது.

பதினோராம் நாள் மருத்துவர் மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கி, திரையில் காட்டினார். குரல் நாண்களில், மண்வெட்டி பிடித்தவர் கையில் இருப்பது போல, ஒரு காய்ப்பு. இப்போது வற்றியிருக்கிறது, அந்த உச்சிக்கே போய் இடித்துக்கொண்டிருந்தால் திரும்ப வரும், அடுத்த முறை கத்தி வைக்க வேண்டியிருக்கும், கத்தி வைத்த பிறகு எந்தக் குரல் மிஞ்சும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பாடுவதை விட வேண்டாம், உயரத்தை விடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கீச்சு அழுதாள். சத்தம் போட்டு அழுவதும் தொண்டைக்கு ஆகாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த உச்சியை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அங்கே போய் நிற்கும்போது தன்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை என்று தோன்றும். அது இனி இல்லை.

அழுது முடித்து முகம் கழுவினாள். முதலில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுபவன். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஓர் எஞ்சின் இருக்கும். "முதல் கியர்லயே மலை முழுக்க ஏத்தினா வண்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஓட்டுறது முக்கியமா, உறுமுறது முக்கியமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அவளுக்குக் கோபம் வந்தது. பதில் கிடைக்காத கேள்வியைவிட, பதில் தெரிந்த கேள்விதான் அதிகமாகக் கோபத்தைக் கிளப்பும்.

வந்த சோதனை தனியாக வரவில்லை. பெரிய அரங்குகளில் தொடர் நிகழ்ச்சி நடத்தும் ஏற்பாட்டாளர் ஒருவர், ஊர் ஊராகப் போகும் ஒரு நீண்ட பயணத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார். அது கைகூடினால் நாலு சின்ன நிகழ்ச்சிக்கு நாற்பது பேரிடம் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. சுவரொட்டிக்கு வாசகமே எழுதிவிட்டார்: அந்த உச்சி, நேரில். தொண்டை விஷயம் காதுக்கு எட்டியதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை. பழைய பதிவை ஓடவிட்டு வாயை மட்டும் அசைத்தால் போதும், ஊரே அப்படித்தான் செய்கிறது என்றார்.

கீச்சு மாட்டேன் என்றாள். நாலரைக் கட்டைக்கு இறக்கிப் பாடுகிறேன் என்றாள்.

அவர் சிரித்தார். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்காதம்மா. கீச்சு இறங்கிட்டான்னு நாலு பேர் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் ஏறவே முடியாது." ஆனாலும் கதவை அடைத்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வணிக வளாகத்தில் அவளுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது, அதற்கு வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றார்.

அவளுக்குக் கீபோர்டு வாசிப்பவன் அவளுடைய தம்பி. கைவிரல் நுனியில் சங்கீதம் வைத்திருப்பவன், ஆனால் ஒரே ஒரு சுருதியில் மட்டும். அக்காவின் பாட்டை வாசித்தே தானாகக் கற்றுக்கொண்டவன், அந்த ஆறு கட்டைக்குத்தான் விரல் பழகியது. மற்றதற்கெல்லாம் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் இருக்கிறது. விரல் பழைய இடத்திலேயே ஓடும், ஒலி மட்டும் மேலேயோ கீழேயோ வரும். டிரம்ஸ்காரர் அவனைப் பொத்தான் வித்துவான் என்றுதான் கூப்பிடுவார்.

"மூணு தடவை அழுத்தினா நாலரை வந்துடும்க்கா," என்றான் தம்பி. "யாருக்கும் தெரியாது. கேக்கறவன் சுருதிப் பெட்டியோடவா வர்றான்?"

அவளுக்கும் அதுவே வசதியாக இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் சத்தம் போடாமல் இறங்கிவிட வேண்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது, அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரம் முழுக்க நாலரையில் பாடிப் பழகினாள். தொண்டையைவிட மனதுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவைப்பட்டது. ஏற வேண்டிய இடம் வந்ததும் கால் கட்டைவிரல் தானாகத் தரையில் ஊன்றும், அதற்குத் தேவையே இல்லாமல் குரல் மேலே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஞாயிறு மதியம் வளாகத்தின் நடுக்கூடத்தில், நகரும் படிக்கட்டுகளுக்குக் கீழே மேடை போட்டிருந்தார்கள். மூன்று மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக ஜனங்கள் சாய்ந்து நின்றார்கள். முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு ஏற்பாட்டாளர். முதல் சில பாட்டுகள் நன்றாகவே போயின. கடைசிப் பாட்டுக்கு முன்னால் தம்பி பொத்தானை மூன்று முறை அழுத்திவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் தன்னுடைய காபி இயந்திரத்தின் வயரைக் கொண்டுவந்து மேடை மின்பலகையில் செருகினார். படக்கென்று எல்லாம் அணைந்தது. கூட்டம் ஊளையிட்டது. யாரோ ஓடிப்போய் வயரைப் பிடுங்க, கொஞ்ச நேரத்தில் மின்சாரம் திரும்பியது. விளக்கு வந்தது, ஒலிவாங்கி வந்தது, கீபோர்டும் கண் விழித்தது. தம்பி பதற்றத்தில் நேராக முன்னிசையை ஆரம்பித்துவிட்டான்.

ஆறு கட்டை.

அணைந்து எழுந்த கீபோர்டு, போட்டு வைத்ததை எல்லாம் மறந்துவிட்டிருந்தது. முதல் இரண்டு சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பிக்கும் தெரிந்துவிட்டது, முகம் வெளுத்துப் போயிற்று. ஆனால் வாசிப்பதை நிறுத்தத் தைரியம் வரவில்லை. மேலே மூன்று மாடியிலும் கைபேசிகள் ஒன்றாக உயர்ந்தன. உச்சியைப் பிடிக்க எல்லோரும் தயார்.

பாடிவிடலாம். இந்த ஒரு தடவை. பத்து நாள் ஓய்வெடுத்த தொண்டை, இன்றைக்குத் தாங்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஏற்பாட்டாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதன் பிறகு அடுத்த ஊரிலும் இந்த ஒரு தடவைதான், அதற்கடுத்த ஊரிலும் இந்த ஒரு தடவைதான். தொண்டை கிழிகிற நாளிலும் இந்த ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுவோம் என்பது அவளுக்கு அந்த முன்னிசை முடிவதற்குள் பளிச்சென்று புரிந்தது. ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கையை உயர்த்தினாள். தம்பி நிறுத்தினான்.

"தம்பி, இறக்கு," என்றாள் ஒலிவாங்கியிலேயே. அவன் விழித்தான். "மூணு இறக்கு. எல்லாருக்கும் தெரியட்டும்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "தொண்டை கெட்டுப்போச்சு. வைத்தியம் பாத்துட்டு வந்திருக்கேன். பழைய உயரத்துல இனிமே பாட மாட்டேன். பாடினா இன்னைக்கு ஒரு நாள் பாடலாம். எனக்கு ரொம்ப நாள் பாடணும்."

ஒரு மாடியிலிருந்து யாரோ சீழ்க்கையடித்து, "கீச்சு இறங்கிட்டா" என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அவள் காது சூடாயிற்று. தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

நாலரையில் பாட்டு தொடங்கியது. இத்தனை வருடமும் பல்லவியின் நடுவிலேயே அவள் கவனம் கடைசி வரிக்கு ஓடிவிடும், கரணம் தப்பினால் மரணம் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று பயமில்லாததால் ஒவ்வொரு சொல்லையும் நின்று பாடினாள். முதல் தடவை உச்சி வந்தது, போனது. யாரும் கைதட்டவில்லை. சில கைபேசிகள் இறங்கின. ஏற்பாட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விடவில்லை.

இரண்டாம் முறை பல்லவிக்கு வரும்போது மேடைக்கடியில் ஏதோ உறுமியது. மறுபடியும் காபி இயந்திரம்தான் என்று நினைத்து ஒலிப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. உறுமல் முன்னாலிருந்து வந்தது. ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் முன்னால் நின்ற சிலர், பிறகு கைப்பிடிச் சுவரோரம், பிறகு அதற்கும் மேலே. ஆறு கட்டையில் அவர்கள் அண்ணாந்து பார்க்கத்தான் முடிந்தது. இது அவர்கள் தொண்டைக்கு எட்டுகிற உயரம். கடைசி வரியை அவளும் அவர்களும் சேர்ந்தே போய்த் தொட்டார்கள். தன் பாட்டை இன்னொருவர் பாடி அவள் கேட்டதே இல்லை, உடைத்துத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு கணம் பாட முடியாமல் நின்றுவிட்டாள். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை, அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஏற்பாட்டாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். நல்லாத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சுவரொட்டியில் உச்சி என்று போட்டாயிற்றே, ஜனங்கள் அதற்குத்தானே சீட்டு வாங்குவார்கள் என்று இழுத்தார்.

"சுவரொட்டியை மாத்துங்க சார்," என்றாள் அவள். "தொண்டையை மாத்த முடியாது."

அவர் மாற்றவில்லை. மறுநாளே பயணம் வேறொரு பெண்ணுக்குப் போனது, அவள் பதிவுக்கு வாயசைக்கச் சம்மதித்துவிட்டாளாம். அன்று சாயங்காலத்துக்குள் வணிக வளாகக் காணொளியும் பரவிவிட்டது, கீச்சு இறங்கிட்டா என்ற தலைப்போடு. கேலி செய்தவர் பாதி, கூடப் பாடுபவர்களைக் காட்டிப் பரப்பியவர் பாதி. எடுக்கச் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டும் என்று தம்பி குதித்தான். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பொத்தானால் வந்தது என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கீச்சு அந்தத் தலைப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனது வலிக்கத்தான் செய்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனால் யாருக்குத்தான் வலிக்காது. ஆனால் அடுத்த நாள் காலையில் எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அரங்கத்துக்குத் தொலைபேசி பேசியது. மாதம் ஒரு முறை, அங்கேயே, சொந்த நிகழ்ச்சி. வாரத்துக்கு இவ்வளவுதான் பாடுவது, பாடிய மறுநாள் தொண்டைக்கு விடுமுறை. எல்லாப் பாட்டும் ஜனங்களோடு சேர்ந்து, அவர்களுக்கு எட்டும் உயரத்தில். வேறு யாரும் சீட்டு விற்றுத் தர வேண்டாம், தானே விற்றுக்கொள்கிறேன் என்றாள். தம்பி அன்றைக்கே கீபோர்டுப் பொத்தான் மேல் ஒட்டுத்தாளை ஒட்டினான். இனிமேல் விரலிலேயே இறங்குகிறேன் என்று சபதம் போட்டு, நாலரையில் தட்டுத் தடுமாறி வாசிக்கத் தொடங்கினான். நாள் முழுக்க அதைக் கேட்டால் நல்ல மனுஷனுக்கும் தலைவலி வரும்.

சுவரொட்டி அச்சாகி வந்தது. மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய எழுத்தை உரக்கப் படித்தார்.

"கீச்சு இறங்கிட்டா." கண்ணாடிக்கு மேலாக மருமகளைப் பார்த்தார். "ஏம்மா, தன்னைத்தானே யாராவது இப்படிப் போட்டுப்பாங்களா? ஊர் சிரிக்காதா?"

"சிரிச்சுட்டு உள்ள வரட்டும் அத்தை. நான் களத்துல இறங்கிட்டேன், அதைத்தான் போட்டிருக்கேன்."

உள் அறையில் தம்பி அந்தப் பல்லவியை எட்டாவது தடவையாகத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தான். சுவரொட்டியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டே மாமியார் கேட்டார்.

"நாலரைன்னா வயித்தைக் கலக்காதில்ல?"

"கலக்காது அத்தை."

"அப்ப முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடு. நானும் பாடுறேன்."