ரெய்னோவின் இடுப்பும் வாஷிங்டன் பணமும்

எங்கள் ஊர் நகரசபையில் எழுத்தர் நான், லோர்னா. நாய் லைசென்ஸ், பனி தள்ளும் வண்டிக்கு டீசல், ஓய்வுபெற்றவர்களின் மருத்துவக் காப்பீடு, எல்லாம் என் மேசையில்தான் வந்து விழும். மிச்சிகனின் வடகோடி இது. பாதி ஊர் ஃபின்லாந்து வம்சம். யாரிடமும் எதையும் கேட்காமல் செத்துப்போவதைப் பெரிய கௌரவமாக நினைக்கிற கூட்டம். நானும் அதே கூட்டம்தான், ஆனால் எனக்கு வாய் நீளம்.

2010-இல் வாஷிங்டனிலிருந்து ஒரு திட்டம் வந்தது. அறுபத்தைந்து வயதாகாத ஓய்வுபெற்றவர்களுக்கு வைத்தியச் செலவு பார்க்கிற முதலாளிகளுக்கு உதவித்தொகை. ஒரு ஆளுக்கு வருடத்தில் பதினைந்தாயிரம் டாலர் வரை நம் பாடு. அதற்கு மேல் ஆகிற ஒவ்வொரு நூறுக்கும் எண்பதை அரசாங்கம் திருப்பித் தரும். மூன்று நாள் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். இடம் கிடைத்துவிட்டது.

சபைத் தலைவர் ட்வைட் பூஷாருக்கு அதுவும் போதவில்லை. "பத்தாயிரமாவது கையில வரணும் லோர்னா. மூணு மாசத்துல வரலைன்னா ஓட்டெடுத்து இந்தக் காப்பீட்டையே மூடிரலாம்" என்றார்.

எங்களிடம் இருந்ததோ எட்டே பேர். அதில் ஏழு பேர் எரிச்சல் வருகிற அளவுக்கு ஆரோக்கியம். என் ஒரே நம்பிக்கை ரெய்னோ சல்மேலா. அறுபத்தோரு வயது, முப்பது வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். அந்த இருக்கையே அவருடைய வலது இடுப்பைத் தின்றிருந்தது. மாற்று இடுப்பு வைக்க எப்படியும் முப்பதாயிரம் ஆகும். அடுத்தவர் இடுப்பை நம்பி நான் கனவு கண்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். திட்டத்தை அவருக்கு விளக்கியும் சொன்னேன், தலையைத் தலையை ஆட்டினார்.

காப்பீடு போனால் ரெய்னோ சமாளித்துவிடுவார். அவர் மனைவி ஐலி சமாளிக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ரெய்னோவின் காப்பீட்டில்தான் அவளும் இருந்தாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து பில் வந்தது. பதினாலாயிரத்து அறுநூறு.

எந்த உலகத்தில் அந்த விலைக்கு இடுப்பு கிடைக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். மீதிப் பதினாறாயிரத்தை நோயாளியே கட்டிவிட்டார் என்றாள் அங்கிருந்த பெண்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியானம், நேராக ரெய்னோ வீட்டுக்குப் போனேன். ஐலி கடைக்குப் போயிருந்தாள். அவர் பின்கட்டில் சவுனாவில், அதுதான் எங்கள் ஃபின்லாந்து நீராவிக் குளியலறையில், வெந்துகொண்டிருந்தார். கதவைத் தட்டினேன்.

"ரெய்னோ! பதினாறாயிரம் கட்டினீங்களாமே?"

"எவன் சொன்னான்?"

"ஆஸ்பத்திரி."

"கொழுப்பெடுத்த ஆஸ்பத்திரி."

"எதுக்குக் கட்டினீங்க?"

"நீதானே சொன்னே, பதினஞ்சைத் தாண்டினா வாஷிங்டன் பணம்னு. எங்க வீட்டுல எவனும் சர்க்கார்கிட்ட கை நீட்டினதில்ல. அதான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டேன்."

கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது.

"ஐயா சாமி, அது உங்களுக்குப் பிச்சை இல்ல, ஊருக்கு வர்ற பணம்! நீங்க கட்டினதும் கணக்குல சேரும். ரசீதைக் குடுங்க, பன்னெண்டாயிரத்துச் சொச்சம் வரும்."

"குடுக்க முடியாது."

"ஏன்?"

"நீ சபையில சத்தமா வாசிப்பே. படகை வித்தது ஐலிக்குத் தெரிஞ்சிரும். தம்பி பெயிண்ட் அடிக்க எடுத்துட்டுப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

"யாருக்கு வித்தீங்க?"

"பூஷாருக்கு."

அந்தப் படகில்தான் இருபது வருடமாக அவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார்கள். ஆனாலும் விடவில்லை.

"ரெய்னோ, காப்பீட்டை மூடினா ஐலிக்கு இன்சுலின் நின்னுரும்."

"வேற கம்பெனி எடுத்துக்காதா?"

"நாலு கம்பெனிக்கு நானே போன் பண்ணிட்டேன். சர்க்கரைன்னு சொன்னதுமே வச்சிட்டான்."

உள்ளே சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை சபை கூடியது. ஐலி முன்வரிசையில் ரெய்னோவுக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாஷிங்டன்ல இருந்து ஒரு செல்லாக்காசு வரலை. இந்தப் பெரியவங்க செலவை ஊர் இனிமே தாங்காது. ஓட்டுக்குப் போலாமா?" என்றார் பூஷார்.

ரெய்னோ எழுந்தார். கைத்தடியை ஊன்றி வந்து என் மேசையில் ரசீதுகளை வைத்தார். "வாசி" என்றார்.

வாசித்தேன். ஆஸ்பத்திரிக்கு ரெய்னோ சல்மேலா கட்டியது பதினாறாயிரம். சர்க்கார் பங்கு பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது.

"பதினாறாயிரம் ஏது உனக்கு?" என்றாள் ஐலி.

"படகை வித்தேன்."

"அதுக்கு உன் தம்பி பெயிண்ட் அடிச்சிட்டு இருக்கான்னே?"

"இவர் அடிக்கிறாரு" என்று ரெய்னோ பூஷாரைக் காட்டினார். ஊரே சிரித்தது. பூஷார் கூரையில் ஏதோ ஒட்டடை இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

ஓட்டெடுத்தோம். காப்பீடு நீடிக்கலாம் என்று ஐந்து உறுப்பினர்களின் கைகளும் உயர்ந்தன. பூஷாரின் கைதான் முதலில் உயர்ந்தது. உயராமல் இருந்திருந்தால் அவர் படகு பத்திரமாகக் கரையில் நின்றிருக்காது.

ஐலி எழுந்து ரெய்னோவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஊசி இல்லைன்னா நான் செத்துருவேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பவும் ரசீதை மறைச்சு வச்சுக்கிட்டு, உன் கௌரவமா, நானான்னு யோசிச்சியா?"

ரெய்னோ தரையைப் பார்த்தார். பொய் சொல்ல வசதியான இடம்தான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"யோசிச்சேன். இன்னிக்குக் காலைல வரைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஐலி கைப்பையைத் திறந்து வண்டிச் சாவியை எடுத்தாள்.

"வண்டியை நான் ஓட்டறேன்" என்றாள். "நீ பின்சீட்ல உக்காந்து வா."