எட்டுத் திருகிலும் எழுபத்தைந்து

ரெக்கார்டிங் அறைக்குள் நுழைந்ததும் என் கணவர் செய்த முதல் காரியம், டிரம்மின் விறைப்பை அளக்கும் கேஜைப் பையிலிருந்து எடுத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்ததுதான். கைக்கடிகாரத்தைவிடச் சற்றுப் பெரிய முகம், கனமான அடிப்பாகம், அதன் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு முனை. டிரம்மில் ஒவ்வொரு திருகுக்கும் எதிரே தோலின் மேல் அதை வைத்தால், அந்த இடம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதென்று முள் காட்டிவிடும். தோல் என்பது பேச்சுக்குத்தான், எல்லாம் பிளாஸ்டிக். மற்ற டிரம்மர்கள் காதால் செய்யும் வேலையை இவர் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து செய்வார். அதனால் பேண்டில் அவருக்கு டாக்டர் என்று பெயர்.

கேஜ் வாங்கிய காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். இருபத்தாறு வருடம் பித்தளைச் சிம்பலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் இடது காது போய்விட்டது. வலது காதில் அடி கேட்கும். அடிக்குப் பிறகு நீளும் நாதம் கேட்காது. ஒரு திருகு தளர்ந்திருந்தால் அந்த நாதம் அலையடித்து ஊளையிடும். அதுதான் அவருக்குக் கேட்காத ஒன்று. வெளியே சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்தார். வீட்டில் அவர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் காய்கறிச் சீட்டு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.

கடைசி இரண்டு கச்சேரியிலும் பெரிய டாம் என்கிற டிரம் ஊளையிட்டது. பேண்டை நடத்துகிற கீபோர்டு மாஸ்டர் முந்தின நாள் போனில் சொல்லிவிட்டார்: "டாக்டரே, ரெக்கார்டிங்லயும் இப்படிக் கேட்டுச்சுன்னா நான் வேற ஆளைப் பாக்கணும். மனசுல வச்சுக்காதீங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சவுண்டுக்காரர் டாமை ஒரு முறை அடிக்கச் சொன்னார். அடித்தார்.

"நாதம் ஆடுது சார்."

இவர் மறுபடி கேஜை எடுத்தார். எட்டுத் திருகு, எட்டு முறை. நான் எழுதினேன். எட்டிலும் எழுபத்தைந்து. மறுபடி அடித்தார்.

"இன்னும் ஆடுது சார்."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து யாருடைய எண்ணையோ தேட ஆரம்பித்தார். என் கணவர் திருகுச் சாவியை டிரம்மின் மேல் வைத்தார். இரண்டு வருடம் என்னைத் தவிர யாரிடமும் சொல்லாததை, அத்தனை பேர் முன்னால், சாதாரணமாகச் சொன்னார்.

"எனக்கு அது கேக்கலம்மா. நீ வந்து கேட்டுச் சொல்லு."

மாஸ்டரின் கட்டைவிரல் போனின் மேல் அப்படியே நின்றது. நான் போய் நின்றேன். டாமின் நடுவில் ஒரு விரலை மெல்ல ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு திருகுக்கும் எதிரே குச்சியால் தட்டினேன். ஆறு இடத்தில் ஒரே குரல். ஏழாவது இறங்கியது.

"இது தாழ்ந்திருக்குங்க."

"முள்ளு எழுபத்தஞ்சு காட்டுதே."

"காட்டட்டும். தாழ்ந்துதான் இருக்கு."

கேஜின் முனை உட்காரும் இடத்தை நகத்தால் வருடினேன். எதுவோ தட்டுப்பட்டது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது, விரல்நகம் அளவுக்கு ஒளிபுகும் டேப், இரண்டு அடுக்கு. எதிரொலி அதிகமான ஏதோ ஒரு மண்டபத்தில் நாதத்தை அடக்க இவரே ஒட்டியிருக்கிறார், பிறகு மறந்துவிட்டார். அந்த மெல்லிய மேட்டில் ஏறி நின்றுகொண்டு முள் விறைப்பைக் கூட்டிச் சொல்லியிருக்கிறது. இவரும் அதை நம்பி அந்தத் திருகைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்.

டேப்பை உரித்துவிட்டுக் கேஜை வைத்தார். எழுபத்தொன்று.

"டாக்டர் ஆபரேஷன் பண்ணிட்டுக் கத்தரிக்கோலை உள்ளயே வச்சுத் தச்சுட்டாரு அண்ணி," என்றார் பேஸ் கிட்டார்காரர்.

முதலில் சிரித்தது என் கணவர்தான். சாவியைப் போட்டு, முள் எழுபத்தைந்துக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். பிறகு அடித்தார். கிணற்றில் கல் விழுந்ததுபோல ஒரே நாதம், எந்த அலையும் இல்லாமல் நீண்டு அடங்கியது. அவர் கண்ணாடிக்கு அப்பால் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன முகம் காட்டினேனோ, குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் கிட்டே வந்தார். "இத்தனை நாளா எங்க யாருக்கும் தெரியலயே. எப்படிய்யா சமாளிச்சீங்க?"

"உங்க வாசிப்பு பாதி கேக்கல மாஸ்டர். அதனால தாக்குப் பிடிச்சேன்."

சவுண்டுக்காரர் மைக்கை மூட மறந்து சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. மாஸ்டர் போனைப் பைக்குள் போட்டார். "இந்த வாய்க்கே உங்கள வெளிய அனுப்பணும். ஆரம்பிங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. நாலரை நிமிடப் பாட்டு. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். இனி மறைக்க எதுவும் இல்லாத மனிதர் வாசிப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் யார் முகமாவது சுளிக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்க்கும் பழக்கத்தை எங்கேயோ தொலைத்திருந்தார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் இரண்டு சுற்று அவருக்கென்று விட்டிருந்தார்கள். அவர் நாலு சுற்று எடுத்துக்கொண்டார், பெரிய டாமிலேயே திளைத்துத் திளைத்து. கீபோர்டில் கையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் காத்திருந்தார், நிறுத்தச் சொல்லவில்லை. அதன்பின் ஒன்பது வருடம் அந்த பேண்டில் என் கணவர்தான் வாசித்தார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அந்த நாலு சுற்றை நினைத்தால் இன்றைக்கும் என் முதுகு நிமிர்கிறது.

பதிவு முடிந்து பாட்டைத் திரும்பப் போட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். இவர் எழுந்துபோய், தன் மார்பளவு உயரமிருந்த ஸ்பீக்கரின் அதிரும் கறுப்பு வலைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் எழுந்து வந்தார். ஒரு பக்கமாக ஒதுங்கி, தன் கையையும் அந்த வலைமேல் வைத்தார்.