காவல்காரன் வயிற்றில் ஓர் ஓட்டை

கனிமொழிக்கு எப்போதும் ஒரே செல்லைப் பற்றித்தான் பேச்சு. மேக்ரோபேஜ். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் முதல் ஆளாகப் போய் விழுங்குகிற காவல்காரன். சிதம்பரத்தில் ஐந்து வருஷமாக அதைத்தான் ஆராய்கிறாள். விருத்தாசலத்தில் அவள் அம்மாவுக்கு, மகள் என்ன படிக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் இன்னும் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சியில் அவள் துறையிலிருந்து ஒரே ஆளுக்குத்தான் மேடை. இந்தப் படிப்பே படிக்காத ஒருவர் வந்து உன் ஆராய்ச்சியைப் புரியும்படி சொன்னால் மேடை உனக்கு, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். கனிமொழி நேராக நீலாவதியிடம் ஓடினாள். பத்தாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. இப்போது நீலாவதி விருத்தாசலத்திலேயே பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கிறாள்.

மேக்ரோபேஜையே பொம்மையாகச் செய்து, அதை வைத்து நீலாவதியே விளக்குவது என்று முடிவாயிற்று. உண்டியல் அச்சில் காவல்காரனின் உடம்பு. காசு போடுகிற வாயில் கிருமி நுழையும். உள்ளே ஒரு சின்ன உருண்டை, அதற்குள் கேழ்வரகு அளவு மணிகள். உருண்டைதான் கிடங்கு, மணிகள்தான் கால்சியம். கிருமி தொட்டதும் கிடங்கிலிருந்து கால்சியம் கொட்டும், அப்போதுதான் காவல்காரன் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவான் என்று கனிமொழி விளக்கினாள்.

உருண்டையில் ஓர் ஓட்டை போடவேண்டும் என்றாள் நீலாவதி. கனிமொழி பதறிப்போனாள். கிடங்கென்றால் மூடித்தானே இருக்கும்? மணிகள் கண்டபடி சிந்தினால் பேராசிரியர் மானத்தை வாங்கிவிடுவார். நீலாவதி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓட்டையில்லாமலே செய்தாள். செவ்வாய்க்கிழமை சூளையைத் திறந்தால் வெறும் சில்லுகள்தான் கிடந்தன. அடைபட்ட காற்று போக வழியில்லாமல் வெடித்து, பக்கத்தில் நின்ற இரண்டு யானைப் பொம்மைகளின் தும்பிக்கையையும் கொண்டுபோயிருந்தது.

கனிமொழிக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, நீலாவதி சொல்லாமல் கொள்ளாமல் இன்னொன்றும் செய்து காயவைத்திருந்தாள். வியாழக்கிழமை அது முழுசாக வந்தது. வாய்க்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால், உருண்டையில் ஓட்டை! கனிமொழிக்குச் சுர்ரென்று ஏறியது. திட்டுவதற்குள் பொம்மை கையில் சாய்ந்து, மணிகள் பொலபொலவென்று வயிற்றுக்குள் கொட்டின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கால்சியம் வெளியே வருகிற வாசலைத்தானே அவள் ஐந்து வருஷமாக ஆராய்கிறாள்! அதைப் போய் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, சிரிப்பும் வந்தது.

"நான் படிக்கிறதே அந்த ஓட்டயத்தான்டி."

"அஞ்சு வருஷமாவா?" என்றாள் நீலாவதி.

வெள்ளிக்கிழமை நீலாவதி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் வந்து இறங்கினாள். கண்காட்சி தொடங்குமுன் பேராசிரியரிடம் சொல்லவேண்டியதையெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள். அந்த வாசலை அடைத்துவிட்டால் என்னவாகும் என்று பேராசிரியர் திடீரென்று கேட்டார். அதைக் கனிமொழி நீலாவதிக்குச் சொல்லித்தரவே இல்லை.

"காவக்காரன் தூங்கிக்கிட்டே இருப்பான் சார். கிருமி வூட்டுக்காரனாட்டம் ஒக்காந்துக்கும்," என்றாள் நீலாவதி. "இவ அப்படி ஒண்ணுதான் செய்யச் சொன்னா. ரெண்டாவது தடவ நான்தான் கேக்கல."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே மேடைப் பட்டியலில் கனிமொழியின் பெயரை எழுதினார். கனிமொழி பேனாவை அவரிடமிருந்து வாங்கி, தன் பெயருக்கு முன்னால் நீலாவதி என்று எழுதினாள்.