முப்பத்திரண்டு சங்கிலித் தூரம்

கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. உள்ளே நாற்பத்தோரு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் இருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. மாலை நாலு மணிக்கு மணிச் சத்தம் கேட்டது. வெறும் மணல்மேட்டிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக, விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு, வெளியே வந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். டீச்சர் பின்னறையிலேயே குடியிருந்தவர் என்பதால் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அந்தப் புறநகரின் வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் கடலும் படகுகளும் இருந்தன. பிறகு ஐஸ் பாக்டரி வந்தது, ஐஸ் பாக்டரிக்காக ரயில் வந்தது, ரயிலில் நகரத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் கடல்காற்று வேண்டும், மீன் வாடை ஆகாது. மதில் சுவரும் கழுத்துப் பட்டையும் உள்ள பள்ளிக்கூடம் ஒன்று வேண்டும் என்று மூக்கால் அழுதார்கள். ஐஸ் பாக்டரி முதலாளி கட்டித் தர முன்வந்தார். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே பள்ளி இருந்தால் புதிதாக ஒன்றுக்கு அனுமதி கிடையாது என்பது சட்டம். தூரத்தை அளந்து படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அரசாங்க அளவைக்காரரின் வேலை. இந்த அளவைக்காரர், கடற்கரைப் பள்ளி டீச்சரின் கூடப் பிறந்த தம்பி. அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான்.

அவருடைய அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வெயில் அதிகமான நாட்களில் அளவுச் சங்கிலியைப் பையிலிருந்து எடுக்காமலே அளந்துவிடுவார்கள். அன்று வெயில் அதிகம். ஐஸ் பாக்டரியின் முன்னறை குளுகுளுவென்று இருந்தது. முதலாளி, அளவைக்காரருடைய மகளின் பெயரைப் புதுப்பள்ளிச் சேர்க்கையில் ஏழாவதாக எழுதிக் காட்டினார். ஒரு கிலோமீட்டருக்குள் வேறு பள்ளி உண்டா என்ற கேள்விக்கு நேரே அளவைக்காரர் ‘எதுவும் இல்லை’ என்று எழுதினார். நடந்திருந்தால் முப்பத்திரண்டு சங்கிலி, அதாவது அறுநூற்று நாற்பது மீட்டர். அது அவருக்கு அளக்காமலே தெரியும். படிவம் மறுநாள், செவ்வாய் காலை ஒன்பதரைக்கு முத்திரை வாங்கியது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. தபால்காரர் கடிதங்களை மணல்மேட்டுப் பக்கம் வீசுவார், அவை பாதி வழியில் காணாமல் போகும். தச்சர் பெஞ்சுகளை இறக்கிவிட்டு, காற்றிலிருந்து நீண்ட ரசீதில் கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புவார். முதலாளி கட்டிய பெரிய பள்ளிக்குப் பிறகு இன்னும் இரண்டு பள்ளிகள் வந்தன. இல்லாத பள்ளியை ஆய்வு செய்ய அதிகாரிகள் யாரும் வராததால், அங்கே படித்த பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். அளவைக்காரர் மட்டும் இருபத்தாறு வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையை அக்காவுக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார். ‘நல்லா இருக்கட்டும்’ என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அன்று பந்தியில் உட்கார்ந்தவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. திட்டி எழுதியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பெரிய பள்ளியிலேயே மேலாளர் ஆனார். வெள்ளிவிழா மலருக்கு ஊரின் வரலாற்றையும் பள்ளிகளின் வரலாற்றையும் அவர்தான் எழுத வேண்டும் என்றார்கள். பதினோரு பக்கம் தங்குதடையின்றி வந்தது. பன்னிரண்டாவதில் பேனா நின்றது. மூன்று நாள் கழித்து, இந்த ஊரின் முதல் பள்ளி கடற்கரையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது, இல்லை என்று பொய் எழுதியது நான் என்று எழுதினார். முதலாளியின் மகன் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்து, அந்த வரிகளை அடித்தார்.

“இதெல்லாம் இப்ப எதுக்கு சார்? இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

அச்சகத்தில் பிழை திருத்தியவரும் அளவைக்காரரே என்பதால், அடித்த வரிகளைத் திரும்பச் சேர்த்து அச்சேற்றிவிட்டார். மலர் வெளியான வெள்ளிக்கிழமையே வேலை போயிற்று.

அதே வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் திரும்பத் தெரிந்தது. ஓட்டுக்கூரை, நீலக் கதவு, வாசலில் செருப்பு வரிசை. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். அளவைக்காரர் சங்கிலியை எடுத்துக்கொண்டு பெரிய பள்ளி வாசலிலிருந்து அளந்துகொண்டே வந்தார். முப்பத்திரண்டாவது சங்கிலி முடிந்த இடத்தில் நிமிர்ந்தார். அவருக்கு மணல்மேடு தெரிந்தது, அதற்கப்பால் கடல் தெரிந்தது.

“ஊரே பாக்குது,” என்றது அக்காவின் குரல், மிகப் பக்கத்தில். “நீ மட்டும் ஏன்டா கடலையே பாக்குற?”

“எனக்குத் தெரியலக்கா.”

“சரி, வெயில்ல நிக்காத. உள்ள வா. ரெண்டு படி இருக்கு, பாத்து.”

காலை வைத்தார். படி இருந்தது.

அதன் பிறகு தினமும் போனார். கடைசி பெஞ்சில் பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் கண்ணுக்குக் கரும்பலகை இல்லை, சுவர் இல்லை. பிள்ளைகளும் வாசல் தாண்டி வெளியே வந்தால்தான் தெரிந்தார்கள். வகுப்பு மட்டும் காதில் விழுந்தது. அக்காவுக்கு முடி நரைத்துவிட்டதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் கழித்து பக்கத்தில் இருந்த பிள்ளைகளே, கேட்காமலே, டீச்சருக்கு முழுக்க வெள்ளை முடி, இடது கன்னத்தில் ஒரு மச்சம், இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு, குரல் வரும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.