மஞ்சள் பாதங்கள்

பக்கவாதம் என் இடது காலை எடுத்துக்கொண்டபோது வாயையும் சேர்த்துத்தான் கேட்டது. வாய் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

லாரியில் கிளட்ச் மிதித்தே தேய்ந்த கால் அது. மறுவாழ்வு வார்டில் டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: வாசல் கேட் வரை துணையில்லாமல் நடந்து காட்டினால் என் வீட்டுக்கே போகலாம், இல்லையென்றால் மகள் வீட்டுக்கு. மகள் தங்கமானவள். ஆனால் அவள் வீடு மூன்றாவது மாடி. அங்கே ஏற்றிவிட்டால், பிறகு என்னை இறக்குவது ஒரே ஒரு முறைதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வார்டில் நடை பழக்கும் முறையே தனி. படுக்கைகளிலிருந்து பயிற்சி அறை வரை தரையில் மஞ்சள் பெயிண்டால் பாதங்கள் வரைந்திருந்தார்கள். ஒரு ஓரம் போகிற பாதங்கள், மறு ஓரம் திரும்புகிற பாதங்கள். "தரையப் பாருங்க ஐயா. பாதத்து மேல பாதம். வேற எதையும் நினைக்காதீங்க" என்பாள் நடை பழக்கும் பெண். வெறுந்தரையில் அடித்துவைத்த முளைபோல நிற்கும் என் கால், மஞ்சளைக் கண்டால் நல்ல பிள்ளையாக எழுந்து போய் அதன் மேல் உட்காரும்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு குழாய் ரிப்பேர்காரர். பெயிண்ட் மேல் அவருக்கு மாப்பிள்ளை நடை. பெயிண்டை விட்டால் மரக்கட்டை.

"என்னண்ணே, லாரி இன்னும் ஃபர்ஸ்ட் கியர்லயே உறுமுது?"

"உன் குழாயில வெறும் காத்துதான் வருது தம்பி. மஞ்சளை விட்டு ஒரு அடி வை பாப்போம்."

"எதுக்கு வைக்கணும்? அதான் போட்டு வெச்சிருக்காங்களே."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கால் யார் பேச்சைக் கேட்டால் என்ன, நடந்தால் சரி என்று இருந்துவிட்டோம்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் மஞ்சள் பாதங்கள் பயிற்சி அறையோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி, திருப்பத்தில் திரும்பிப் போயிருந்தன. தரை துடைக்கும் அம்மாவைக் கேட்டேன்.

"பெயிண்டர் யாரும் வரலை ஐயா. நான் தேய்ச்சுப் பாத்துட்டேன், போகவும் மாட்டேங்குது."

"அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"துணி வெளுக்கிற இடம். அப்புறம் ஒரு சரிவு. அப்புறம்..." துடைப்பத்துணியைப் பிழிந்தாள். "அங்க நடந்து போறவங்க யாரும் இல்ல. முகத்தை மூடித் தள்ளிக்கிட்டுத்தான் போவாங்க."

இன்னொன்றையும் கவனித்தேன். புதிதாக முளைத்த பாதங்களில் போகிற பாதங்கள் மட்டும்தான் இருந்தன. குழாய்க்காரரிடம் சொன்னேன். "சிக்கனம்ணே. பெயிண்ட் தீர்ந்திருக்கும்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கை வீசிக்கொண்டு அந்தப் பாதங்கள் மேலேயே கிளம்பினார்.

மாலையில் அவர் படுக்கை விரிப்பை உருவிவிட்டார்கள். "யார் துணையும் இல்லாம நடந்தே வீட்டுக்குப் போயிட்டார்" என்று நர்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. துவைத்த சட்டையோடு வந்த அவர் மனைவியிடமும் அதையே சொல்லி வாழ்த்தினார்கள்.

"நான் வீட்டுல இருந்துதானே வர்றேன்" என்றாள் அந்த அம்மாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். செருப்பு அங்கேயே இருந்தது.

மறுநாள் நர்ஸ் சாப்பிடப் போயிருந்த நேரம். என் கட்டிலின் ஓரத்திலிருந்தே புது வரிசை ஒன்று கிளம்பியிருந்தது. இடது பாதங்களுக்கெல்லாம் நான்கே விரல்கள். என் இடது கால் சுண்டுவிரல் லாரி ஜாக்கிக்கு அடியில் போய்ப் பல காலமாகிறது. பழைய பாதங்களுக்கெல்லாம் ஐந்து விரல்தான்.

எழுந்திருக்கும் எண்ணமே எனக்கு இல்லை. கால் இறங்கியது. அது போகும்போது மற்ற உடம்பை மட்டும் கட்டிலில் விட்டுவைப்பது எப்படி? கூடவே போனேன். பயிற்சி அறை, வெளுக்கிற இடம், சரிவு. கீழே ஓர் இரும்புக் கதவு. அதன் அடியிலிருந்து குளிர் கசிந்தது. கடைசிப் பாதத்தின் குதிகால் இந்தப் பக்கம், விரல்கள் அந்தப் பக்கம்.

"வாங்கண்ணே" என்றது குழாய்க்காரரின் குரல் உள்ளேயிருந்து. "இங்க யாருக்கும் கைத்தடியே வேணாம். எல்லாரும் நல்லா நடக்கிறோம்."

"அங்க என்னய்யா பண்றே?"

"ஒண்ணுமில்ல. ஒரு குழாய்கூட ஒழுகலை. அது ஒண்ணுதான் குறை."

கதவு சத்தமில்லாமல் திறக்கத் தொடங்கியது. கால் எழும்பியாயிற்று. லாரிக்காரன் வாயில் வரக்கூடிய அத்தனை சொல்லாலும் அதைத் திட்டினேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விழக்கூடாது என்பதுதான் அந்த வார்டின் முதல் சட்டம். விழுந்தேன். முழங்காலுக்கு யாரும் பெயிண்ட் அடித்துவைக்கவில்லை பாருங்கள்.

"தம்பி, இன்னொரு நாள் வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சரிவில் தவழ்ந்து ஏறினேன். மேலே சுவர்க் கம்பியைப் பிடித்து எழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மஞ்சள் தெரியாமல் கால் கொஞ்ச நேரம் தவித்தது. பிறகு, நோய் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டது. சொன்னேன். இழுத்துக்கொண்டேதான் வந்தது, ஆனால் வந்தது.

கேட்டில் கண்ணைத் திறந்தபோது எதிரே மகள்.

"அப்பா, உங்களை யாருப்பா தனியா விட்டது?"

"யாரும் விடலைம்மா. அதான் இவ்வளவு நேரம்."

டாக்டர் பார்த்தார், வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார். கதவைப் பற்றிச் சொன்னேன். ஒரு மாத்திரை சேர்த்து எழுதினார். ஆனாலும் ஆளனுப்பித் திறந்து பார்த்தார்களாம். அங்கே இருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள், குழாய்க்காரர் இல்லை. "ஆனா ஐயா, படுத்திருந்த எல்லார் உள்ளங்காலிலும் மஞ்சள்" என்று துடைக்கும் அம்மா என் காதோடு சொன்னாள்.

இப்போது என் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். சமையல், துணி எல்லாம் நானே. குளித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளங்கால் உலரும் வரை துடைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். எதற்கு இவ்வளவு சுத்தம் என்று மகள் சிரிக்கிறாள். நடக்கிற தடத்தைத் தரையில் விட்டுவைக்காமல் இருப்பது நல்லது. யார் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று தெரியாது.