மூன்று சுழி ஆறு

இதில் ஒரே ஒரு எழுத்து பொய்யானாலும், குப்பம்மாள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பை மூச்சுவிடாமல் குடித்துக் காட்டுவதாகச் சத்தியம். ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தக் கிணறு. அதன் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்கள் இதற்குமேல் சத்தியம் கேட்க மாட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், அதைக் குடித்த காக்கை ஒன்று முழுசாக வெளுத்துப் போய், சொந்தக்காரர்கள் சேர்க்காததால் கொக்குகளோடு வயலில் நின்றுகொண்டிருந்தது.

வக்கீல் வெண்ணிலா முதன்முதலாக அங்கே வந்தபோது அந்தக் கொக்கு அவளைப் பார்த்து "கா" என்றது. வழக்கை எடுத்துக்கொள்வதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

வேலூர் கோர்ட்டில் அவளுக்குச் 'சாக்கடை வக்கீல்' என்று பெயர். மற்றவர்கள் ஜாமீன், ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று நிழலில் உட்கார்ந்து பிழைக்க, இவள் குப்பைமேடு, சாயப்பட்டறை, கழிவுக் குழாய் என்று மூக்கைப் பொத்தாமல் திரிந்தாள். கேன்டீனில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததும், மறுநாளே ஆபீஸ் போர்டில் பெயருக்குக் கீழே அதையே பெயின்ட்டில் எழுதச் சொல்லிவிட்டாள். அவளுடைய முதல் வழக்கில் சம்மன் வாங்கிக்கொள்ளச் சாயப்பட்டறையில் ஆள் இல்லை. அமீனா வேறு வழியில்லாமல், பட்டறை வாசலில் பஸ் உயரத்துக்கு எழும்பி நின்ற நுரையின் மேலேயே சம்மனை ஒட்டிவிட்டுப் போனார். வாய்தா தேதி வரைக்கும் நுரையும் கலையவில்லை, சம்மனும் விழவில்லை. அந்த நுரை கோர்ட்டில் ஆஜரானபோது முதலாளி அழுதுவிட்டார்.

குப்பம்மாள் வழக்கு அத்தனை சுலபமாக இல்லை.

மலையிலிருந்து இறங்கி அவள் நிலத்தை ஒட்டிப் போகும் ஓடைக்குக் கானாறு என்று பேர். மழைக்கு ஓடும், வெயிலுக்குக் காயும், காட்டாறு. அதன் கரையில்தான் அந்தத் தோல் கம்பெனி குழாயைப் போட்டிருந்தது. பச்சையும் நீலமுமாகக் கழிவு மணலுக்குள் இறங்கி, குப்பம்மாள் கிணற்றில் எழுந்தது. மனு தள்ளுபடியானால் கம்பெனிக்கு இரண்டாவது குழாய் போட அனுமதி கிடைத்துவிடும். அப்புறம் குப்பம்மாள் கிணற்றை மூடிவிட்டு மருமகன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"அந்த ஆள் வூட்டு சோத்துக்கு இந்தத் தண்ணியே தேவலாம் வக்கீலம்மா," என்றாள் குப்பம்மாள்.

கம்பெனி மேனேஜர் சேட்டு சமாதானம் பேச வந்தார். "இன்னாத்துக்கு பெரிம்மா கோர்ட்டு கேஸுன்னு? வூட்டுக்கு வூடு தண்ணி சுத்தம் பண்ற மிஷினு வெச்சுத் தர்றோம்."

"மிஷின நீ வெச்சுக்கோ. என் கெணத்தக் குடு."

"கெணறு எங்கயும் போவலியே, இங்கதான கீது."

"கெணறு கீது. அதுல தண்ணி கீதா? நீ குடி, நான் பாக்கறேன்."

சேட்டுக்கு அன்றைக்கு ஏதோ அவசர வேலை இருந்தது.

தப்பு எங்கே நடந்தது என்றால், மனுவில். மலைமேல் பஸ்ஸில் போய்க்கொண்டே வெண்ணிலா மனுவைப் போனில் வாயால் சொல்லி அடித்தாள். கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. 'கானாறு' என்று அவள் சொன்னதற்கு ரெண்டு சுழி 'ன' போட வேண்டிய போன், கூட ஒரு சுழி சுழன்று 'காணாறு' என்று போட்டுவிட்டது. மனு முழுக்க மூன்று சுழி. அவளும் கவனிக்காமல் தாக்கல் செய்துவிட்டாள்.

சென்னையில் தீர்ப்பாயத்தில் கம்பெனி தரப்புச் சீனியர் வெற்றிச்செல்வன் எழுந்தார். பளபளவென்று ஷூ, அதற்கு மேல் அவர்.

"கனம் நீதிபதி அவர்களே, காணாறு என்று மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். காணாத ஆறு. கண்ணால் காணவே முடியாத ஆற்றில் என் கட்சிக்காரர் எப்படிக் கழிவை விட முடியும்?"

ஹாலே சிரித்தது. நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எழுத்துப்பிழைதானே மேடம், திருத்தி வேறு மனு போடுங்களேன்," என்றார். வேறு மனு என்றால் வேறு நம்பர், வேறு வரிசை. அது முறைக்கு வருவதற்குள் இரண்டாவது குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

வெண்ணிலாவுக்குக் காது மடல் சுட்டது. "திருத்த மாட்டேன் ஐயா. அப்படியே இருக்கட்டும். காணாத ஆறுன்னு சொல்றாங்க இல்ல? நேர்ல வாங்க, நான் காட்டறேன்."

"இந்த அக்னி நட்சத்திரத்திலா?"

"ஆமாங்க ஐயா."

"ஆற்றைக் கண்டால் வழக்கு நடக்கும். காணாவிட்டால் தள்ளுபடி."

செய்தி கேட்டு குப்பம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னா வக்கீலம்மா இப்டிப் பண்ணிட்ட! மே மாசத்துல ஆத்த எங்கேர்ந்து கூட்டியாருவ?"

"அது எங்கயும் போவல பெரிம்மா. கீழ படுத்துனு கீது. எழுப்பணும்."

நீதிபதி வரும் நாளில் கம்பெனி சும்மா இருக்கவில்லை. குழாயை அடைத்து, அதன் வாயில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். லாரி லாரியாகப் புது மணல் கொட்டி, ஆற்றுக்கு நடுவிலேயே பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, நாற்காலி வரிசை. வந்தவர்களுக்கெல்லாம் இளநீர். ஏதோ ஆற்றுக்கே கல்யாணம் என்று நினைத்துக் காலனிப் பெண்கள் சிலர் தட்டோடு வந்துவிட்டார்கள்.

"எங்கே ஆறு?" என்றார் நீதிபதி.

"அதைத்தான் நாங்களும் தேடுகிறோம்," என்றார் வெற்றிச்செல்வன், கால் மேல் கால் போட்டு.

 நீதிபதி குடித்துவிட்டு வைத்த இளநீரைப் பிளக்கச் சொல்லி, ஒரு பாதியைக் கையில் எடுத்தாள் வெண்ணிலா. கறுப்பு அங்கியோடு நீதிபதி நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். கானாறு காய்ந்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வந்து செய்கிற வேலைதான் இது, ஊத்து எடுப்பது. புது மணல் போயிற்று. பழைய மணல் ஈரமாக வந்தது. முழங்கை ஆழத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம்.

ஆறு எழுந்துகொண்டது.

பச்சையாக, நீலமாக, வானவில்லில் இல்லாத இரண்டு நிறமாக ஊறி, குழியை நிரப்பி, பந்தலுக்குள் பரவியது. வாழை மரத்துத் தார் அங்கேயே பழுத்து, தானே உரிந்து, கீழே விழுந்தது. தண்ணீர் மெதுவாக நகர்ந்து வெற்றிச்செல்வனின் ஷூவைத் தொட்டது.

ஷூ, "ம்மா" என்றது.

 அந்த ஷூவின் தோல் இதே கம்பெனியில், இதே தண்ணீரில் பதனிட்டது. பிறந்த வீட்டுத் தண்ணீர் பட்டதும் அடையாளம் கண்டுகொண்டது, அவ்வளவுதான்.

"பதிவு செய்யுங்கள்," என்றார் நீதிபதி.

சுருக்கெழுத்தர் அன்பரசன் பேனாவைத் தூக்கினார். "சாட்சி 'அம்மா' என்றதுங்களா, 'ம்மா' என்றதுங்களா ஐயா?"

"'ம்மா'. எங்கள் வீட்டிலும் பசு உண்டு."

"ஆட்சேபிக்கிறேன்!" வெற்றிச்செல்வன் குதித்தார். "சாட்சி சத்தியப் பிரமாணம் எடுக்கவில்லை!"

"அது உங்கள் காலில் வந்த சாட்சி. உங்கள் தரப்புச் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். குறுக்கு விசாரணை உண்டா மேடம்?"

வெண்ணிலா கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு ஷூவிடம் குனிந்தாள். "இங்கே ஆறு இருக்குதா?"

இந்த முறை இரண்டு ஷூவும் சேர்ந்தே கத்தின. சேட்டின் இடுப்பு பெல்ட் கூட, யாரும் கேட்காமலேயே, கன்றுக்குட்டிக் குரலில் ஒத்துக்கொண்டது.

நீதிபதி அங்கேயே, வாழைப்பழத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, உத்தரவு சொன்னார். குழாயைப் பிடுங்க வேண்டும். குழாயிலிருந்து குப்பம்மாள் கிணறு வரைக்கும் கெட்டுப்போன மணலைக் கம்பெனி தன் செலவில் அள்ளி, அலசி, அப்புறப்படுத்த வேண்டும். கிணற்றை இறைத்துத் தூர் வாரி, முதல் சொம்பு தண்ணீரை மேனேஜர் குடித்த பிறகுதான் கம்பெனி கதவு திறக்க வேண்டும். "மனுவில் உள்ள எழுத்துப்பிழை," என்று நிறுத்தி வெண்ணிலாவைப் பார்த்தார், "திருத்தம் தேவையில்லை. காண வைத்தபிறகு எத்தனை சுழி இருந்தால் என்ன?"

வெறுங்காலோடு சுடுமணலில் குதித்துக் குதித்துப் போனார் வெற்றிச்செல்வன். ஷூக்கள் வர மறுத்துவிட்டன. பொழுது சாய்வதற்குள் கிணறு தெளிந்து, அடியில் கிடந்த குப்பம்மாளின் கல்யாணச் சொம்பு பளிச்சென்று தெரிந்தது. கொக்குகளோடு நின்ற காக்கை கிணற்றடியில் ஒரு வாய் குடித்துவிட்டு, அலகு நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கியது.

"இப்ப சொல்லு பெரிம்மா," என்றாள் வெண்ணிலா, முட்டியில் ஒட்டிய மணலோடு. "ஆறு கீதா, இல்லியா?"

"ஆறு கீது," என்றாள் குப்பம்மாள். "அதோட நீயும் கீற."