ஞாயிற்றில் விழுந்த போயா

செவ்வாய்க்கிழமை காலை கட்டைபறிச்சான் குளிரறையைத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்களாம். உள்ளே கிடந்த சூரை மீன் முழுவதும் நாறிவிட்டது. பழி திருகோணமலைத் துறைமுகத்தடி மீன் கம்பனிக் கந்தோருக்கு வந்து, கண்காணிப்புத் திரைக்கு முன்னால் இருந்த துஷாந்தியின் தலையில் விழுந்தது. குடாவைச் சுற்றியுள்ள குளிரறைகளில் எது சூடேறினாலும் அவளுடைய போன் கத்த வேண்டும். கத்தியும் அவள் பேசாமல் இருந்துவிட்டாள் என்பது முகாமையாளர் ஹெக்டரின் தீர்ப்பு.

"பின்னேரம் கொழும்புக்குச் சொல்லப்போறன். உங்கட வேலைக்கு இனி நான் பொறுப்பில்லை, பிள்ளை."

"அது கத்தவே இல்லை, சேர்."

"மெசின் பொய் சொல்லாது."

துஷாந்திக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஓர் அரிப்பும் வந்தது. ஏன் கத்தவில்லை? வேலை போகிற நேரத்தில் வேறு யாராவது என்றால் சிபாரிசுக்கு ஆள் தேடி ஓடியிருப்பார்கள். இவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை முறைத்தாள்.

திரையில் கட்டைபறிச்சானுக்கான பெட்டிக்குள் இன்னமும் மைனஸ் பதினெட்டு என்று பச்சையாக நின்றது. நாறின மீனுக்கு மைனஸ் பதினெட்டா! பின்னோக்கிப் பார்த்தாள். ஞாயிறு நடுப்பகலிலிருந்து அந்த எண் அசையவே இல்லை. உண்மையான குளிரறை அப்படி நிற்காது. கதவு திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும்.

"ஜக்சன், ஞாயிறு அங்க என்ன செய்தனீங்கள்?"

மின்வேலை பார்க்கும் ஜக்சன் தேத்தண்ணியோடு வந்தான். "வழமையான சேர்விஸ்தான். ஞாயிறு எங்கட ஆக்கள் கடலுக்குப் போகாயினம் எல்லே. வீணா அலாரம் அடிக்கும் எண்டு ஆறில இருந்து பத்து மட்டும் பராமரிப்பு நேரம் போட்டனான்."

பராமரிப்பு நேரம் என்றால் மென்பொருளின் வாயைக் கொஞ்ச நேரம் பொத்திவைப்பது. அதுவரை புது அளவும் எடுக்காது, கடைசியாகக் கண்ட எண்ணே திரையில் நிற்கும். துஷாந்தியும் அப்படி ஒன்று போட்டிருந்தாள். ஊர் பூட்டிக்கிடக்கும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களில், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவளுடைய நெட்வேர்க் வேலை.

"ஐயோ ஜக்சன், போன ஞாயிறு போயா!"

மென்பொருள் நல்ல பிள்ளைதான், கொஞ்சம் மண்டு. வாயைப் பொத்துமுன் எப்படி இருந்ததென்று நினைவில் வைத்து, முடிந்ததும் அப்படியே விட்டுவிடும். ஒன்பது மணிக்குத் துஷாந்தியுடைய நேரம் தொடங்கியபோது ஜக்சனுடைய நேரத்தால் வாய் ஏற்கெனவே மூடியிருந்தது. பத்து மணிக்கு அவனுடையது முடிந்து வாய் திறந்தது. பன்னிரண்டுக்கு அவளுடையது முடிந்து, தான் கண்டபடியே மூடிவிட்டுப் போனது. பிறகு திறக்க யாரும் இல்லை.

அதே கண்காணிப்பில் இருந்த கந்தோர் பிறின்டருக்கு அதேபோல இரண்டு சிறிய நேரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். இரண்டும் முடிந்த பிறகு ஹெக்டரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிறின்டரின் வயரைப் பிடுங்கினாள். போன் மூச்சு விடவில்லை.

ஹெக்டர் தாடையைத் தடவினார். "பிறின்டர் சரி பிள்ளை. மீனுக்கும் இதுதான் நடந்தது எண்டு எப்பிடி நம்புறது?"

நியாயமான கேள்விதான். பதிலைத் தேடும்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. இரண்டு நேரமும் போட்ட இடம் இன்னொன்றும் உண்டு. குறிஞ்சாக்கேணி. அந்தப் பெட்டியிலும் எண் ஞாயிறு நடுப்பகலோடு நின்றிருந்தது.

உடனே அங்கே பொறுப்பாக இருக்கும் சஜீத்தை அழைத்து, போனை எல்லோருக்கும் கேட்க வைத்தாள். "சஜீத் நானா, கூல்றூமுக்க போய் மீற்றரைப் பாருங்கோ. கெதியா!"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "தங்கச்சி, மைனஸ் ஆறு! மெசின் நிண்டு போயிருக்கு. மீன் இன்னும் கட்டியாத்தான் கிடக்கு."

"கதவைப் பூட்டுங்கோ. ஆள் வருது."

ஜக்சன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மோட்டார்சைக்கிளுக்கு ஓடினான். துஷாந்தி மென்பொருளில் இரண்டு அறைகளின் வாயையும் திறந்துவிட்டாள். குறிஞ்சாக்கேணிக்காகவும் கட்டைபறிச்சானுக்காகவும் போன் மாறிமாறிக் கத்தத் தொடங்கியது. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கத்தட்டும் என்று விட்டுவிட்டு, ஜக்சனுடைய நேரம் முடிந்து அரை மணிக்குப் பிறகே தன்னுடையது தொடங்கும்படி மாற்றினாள்.

அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஹெக்டர் கொழும்போடு பேசினார்.

"ஓம், விசாரிச்சனான். பிள்ளையில பிழை இல்லை. நான்தான் கேக்காமல் முடிவெடுத்திட்டன்."

அதைக் கேட்டதும் துஷாந்திக்கு அழுகை வந்துவிட்டது.